கோயில் ஸ்டாப்

ஜூலை முதல் வாரம் காரைக்குடியில்
பெட்டியும் வாளியுமாக வந்து இறங்குவார்கள்.
வாளிக்குள் தலையணை,
தலையணை உறைக்குள் அப்பா கொடுத்த ஐந்நூறு.
ஹாஸ்டல் கேட்டில் நாங்கள்தான் பெட்டி தூக்குவோம்.
'சீனியர் பசங்க திருந்திட்டாங்க சார்'
என்பார் வார்டன், யாரிடமாவது.

பெட்டியின் கனத்தில் பாதி தெரிந்துவிடும்.
மீதி, அதைச் சுற்றிக் கட்டிய கயிற்றில்.

என்னிடம் ஒரு நோட்டு உண்டு, நாற்பது பக்கம்.
அழகுராசு, வணிகவியல். ஓடுவான், நானூறு மீட்டர்.
பிரபுராம், பைக் இருக்கு, பெட்ரோலும் இருக்கு.
மெய்யரசன், ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து
அம்மாவுக்குப் போன் போட்டு அழுகிறான்.
அவனை முதல்ல பிடி, என்றார் துரைசிங்கம் அண்ணன்,
எம்.ஏ. இரண்டாம் வருஷம்.
அழுகிறவன் விட்டுட்டுப் போகமாட்டான்.

யாரையும் வா என்று கூப்பிடக் கூடாது.
மெஸ்ஸில் புளிச்சோறு போடும் செவ்வாய்க்கிழமை
'தம்பி, பசிக்குதா?'
அவ்வளவுதான்.
செக்காலை ரோட்டில் கடை. நாலு புரோட்டா, சால்னா, ஒரு கலக்கி.
காசு எடுக்கப் பைக்குள் கைவிடுவான்.
'அண்ணன் இருக்கும்போதா?'
வெறுமனே வெளியே வரும் அந்தக் கை
அப்போதே எங்களுடையது.

பிறகு, பல் குத்திக்கொண்டே:
எந்த ஊரு?
சொல்வான்.
அங்க எங்க?
சொல்வான், கொஞ்சம் மெதுவாக.
எந்த ஸ்டாப்புல இறங்குவே?

ஊர் பேர் மழுப்பும், தெரு பேரை மாத்திட்டாங்க,
கண்டக்டர் விசிலுக்கு மட்டும் மழுப்பத் தெரியாது.
இது அண்ணனின் கண்டுபிடிப்பு.

பதில் சரியென்றால் சனிக்கிழமை மொட்டைமாடி.
மணிக்கட்டில் கயிறு. நிறத்தை வெளியே சொல்வதில்லை,
பார்க்கிறவனுக்குத் தெரியும்.
'இனி உனக்கு ஒண்ணுன்னா நாப்பது பேருடா.'
அது பொய்யில்லை.
எனக்கு மஞ்சள்காமாலை கண்டபோது
பெரியாஸ்பத்திரி வராந்தாவில் முறைபோட்டுப் படுத்தார்கள்.
கீழாநெல்லி அரைத்தவன் அழகுராசுவின் அண்ணன்.
பதில் சரியில்லையென்றால் அடிக்கமாட்டோம், திட்டமாட்டோம்.
பசிக்குதா என்று அப்புறம் கேட்கமாட்டோம்.

இந்த வருஷம் பதினேழாவது பேர், முகிலரசு.
மூன்று புரோட்டா தின்றான்.
நாலாவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஊர், சருகணிப் பக்கம்.
'பக்கம்னா?'
தலையைத் தூக்கி, கேட்ட அண்ணனை அல்ல,
என்னைப் பார்த்தான்.

இதே பெஞ்சில் மூன்று வருஷத்துக்கு முன்னால்
கோயில் ஸ்டாப் என்று சொன்னேன் நான்.
என்னுடையது அடுத்தது, தண்ணித்தொட்டி.
அன்றிலிருந்து லீவுக்குப் போகும்போதெல்லாம்
கூட ஏறுகிறவன் எவனாவது பார்ப்பானென்று
கோயில் ஸ்டாப்பிலேயே இறங்குகிறேன்.
ஒண்ணேகால் கிலோமீட்டர்.
பெட்டியோடு நடக்கிற என்னைத் தாண்டிப் போய்
என் வீட்டு முன்னால் நிற்கும், அதே பஸ்.

அக்கா கல்யாணப் பந்தியில்
அப்பளம் வைத்துக்கொண்டு போன பொடியன் இவன்.
அரைக்கால் சட்டை, காதில் பென்சில்.
இப்போது மீசை.

'சொல்றா' என்றார் அண்ணன்.
கல்லில் கொத்துகிற சத்தம்
திடீரென்று நின்று, மறுபடி தொடங்கியது.

'கோயில் ஸ்டாப்புண்ணே.'
'அட, நம்மாளு ஸ்டாப்பு! இவனைத் தெரியுமா உனக்கு?'
'தெரியாதுண்ணே. பாத்ததில்ல.'
சொல்லிவிட்டு
நாலாவது புரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் அமுக்கினான்,
மூழ்கும்வரை.

நோட்டில் எழுதினேன்: முகிலரசு, இயற்பியல், கமா.
கமாவுக்கு அப்புறம் மூன்று நாளாக வரவில்லை.
சனிக்கிழமை கயிறு கட்டுவது என் முறை.
முடிச்சு எப்படிப் போடுவதென்று தெரியும், கை தெரிந்துதான் வைத்திருக்கிறது.

தீபாவளிக்கு ஒரே பஸ்தான், கடைசி பஸ்.
ரெண்டு பேரும் இறங்கி நடக்கவேண்டும்.
அவனிடம் வாளியும் இருக்கிறது.